புறநகர்ப் பங்கின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

சென்னையின் தெற்குப் புறநகர்ப் பங்கு ஒன்றிலிருந்து, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கத்தோலிக்க மக்கள் சமூகத்திலிருந்து, ஒருவர் கேட்டிருக்கிறார். பங்குக்கு வெள்ளி விழா வருகிறது. விழா மலரில் பங்கின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியலும், அடிக்கல் நாட்டிய தேதியும், சில பழைய போட்டோக்களும்தான். கொட்டகையில் பூசை நடந்த ஓர் இடம் எப்படித் தனிப் பங்காகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள், கதையை எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறார்.

அடிக்கல்லில் ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பக்கம் எந்த வேலை வந்தது, அந்த வேலையை நம்பி யார் வந்தார்கள் என்பதில் ஆரம்பியுங்கள். சென்னைப் புறநகரில் கோயில் பெரும்பாலும் கடைசியில்தான் எழும்பியிருக்கிறது. முதலில் பட்டாளமோ ரயிலோ தொழிற்சாலையோ வரும். பின்னால் குடும்பங்கள் வரும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெகுதூரம் போய்ப் போய்ச் சலித்த பிறகு ஒரு வீட்டில் ஜெபமாலை தொடங்கும். கோயில் அதற்கப்புறம்தான். பெரும்பாலான விழா மலர்களில் இந்த முன்கதை இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் எந்த ஃபாதர் காலத்தில் டைல்ஸ் போட்டார்கள், எந்த ஃபாதர் காலத்தில் மணிக்கூண்டு கட்டினார்கள் என்ற கணக்கு. படிக்கிறவருக்கு அதில் தன் குடும்பம் எங்கே என்று தெரியாது.

உங்கள் பக்கத்துக்கே வருவோம். பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டிய கோயில் இருக்கிறது. அது திருப்பயணத் தலம். அடிவாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் பெருகியதற்குப் பட்டாளமும் ஒரு பெரிய காரணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படை பரங்கிமலையில்தான் இருந்தது; பல்லாவரமும் கன்டோன்மென்ட் ஆனது. கம்பெனி அதிகாரிகள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்காரர்கள் என்றாலும், சிப்பாய்களில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் நிறைய இருந்தார்கள். அடிவாரக் கோயிலுக்கு அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயர் இருப்பதைப் பார்த்தாலே யாருக்காக எழும்பியது என்று ஊகிக்கலாம்.

வடக்கே பெரம்பூரில் இதே வேலையை ரயில் செய்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை வந்தது. அங்கே வேலைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சுற்றித்தான் பெரம்பூர் பங்கு வளர்ந்தது. இன்று அங்கே மேல் கோயில், கீழ்க் கோயில் என்று இரண்டு அடுக்காக, பிரான்சின் லூர்து நகர் பேராலயத்தின் சாயலில் லூர்து அன்னை திருத்தலம் நிற்கிறது. சலேசியச் சபைக் குருக்கள் நடத்துகிறார்கள். பிப்ரவரி 11 திருவிழா. சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். 1955-இல் பக்கத்திலேயே ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் பெருகின. ஆங்கிலப் பூசைக்கு நிரம்பிய கோயில்கள் தமிழ்ப் பூசைக்கு நிரம்பத் தொடங்கின. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களின் நடுவில், லத்தீன் போய்த் தமிழில் திருப்பலி வந்ததும் இந்த மாற்றத்தோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது அலை தொழிற்பேட்டை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல், அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வந்தார்கள். கல்யாணம் ஆனதும் குடும்பத்தைக் கூட்டிவந்து வாடகை வீடு பிடித்தார்கள். தெற்கே பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியிருந்ததால், பாரிமுனையில் ஆபீஸ் போகிறவர்கூட குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ மனை வாங்க முடிந்தது. பிறகு 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், 2000-இல் தரமணி டைடல் பார்க், அதைத் தொட்டுப் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க கம்ப்யூட்டர் கம்பெனிகள். கட்டட வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. சில பங்குகளில் இப்போது இந்தியிலும் பூசை நடப்பது அதனால்தான். உங்கள் பங்குக்கு இருபத்தைந்து வயது என்றால், இந்தக் கடைசி அலை எழும்பிய நேரத்தில் பிறந்த பங்கு அது.

தெற்கிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சொந்த ஊர்ச் சாமியையும் கொண்டுவந்தார்கள். உவரி அந்தோணியார், கோட்டாறு சவேரியார், தூத்துக்குடி பனிமய மாதா. உங்கள் கோயிலுக்கு ஏன் அந்தப் புனிதரின் பெயர் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆயரோ குருவோ வைத்த பெயராகவும் இருக்கலாம். ஆனால் கோயிலுக்கு முன்பே வந்த சிறு கெபியின் (சுரூபம் வைத்த குகை போன்ற மாடத்தின்) பெயர், முதல் சுரூபத்தை உபயமாகக் கொடுத்த குடும்பத்தின் ஊர், முதல் திருவிழாவுக்குச் சப்பரம் எங்கிருந்து இரவல் வந்தது, இதையெல்லாம் விசாரித்தால் ஆரம்பக் குடும்பங்கள் எந்தக் கரையிலிருந்து வந்தன என்று தெரிந்துவிடும். வேளாங்கண்ணிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு 1970-களில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் அன்னைக்கு ஒரு கோயில் வந்தது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு இன்று நகரமே திரண்டு நடந்துபோகிறது. பக்தி ஜனத்தோடு இடம்பெயர்ந்து வரும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் சென்னையில் இல்லை.

சரி, கொட்டகை எப்போது பங்காகிறது?

சட்டப்படி பார்த்தால் பங்கை உண்டாக்குவது மறைமாவட்ட ஆயர் ஒருவர்தான். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 515-ஆவது விதி அப்படிச் சொல்கிறது: பங்கை உண்டாக்கவோ ரத்து செய்யவோ பெரிதாக மாற்றவோ ஆயர் ஒருவருக்கே அதிகாரம், ஆனால் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்காமல் அவர் அதைச் செய்யக்கூடாது. முறைப்படி உண்டாக்கப்பட்ட பங்கு அந்த நிமிடமே சட்ட ஆளுமை பெற்றுவிடுகிறது. அதற்குச் சொந்தமாக எல்லை உண்டு, கணக்கு உண்டு, பதிவேடு உண்டு. ஆன்மிக ரீதியாக இன்னொரு வித்தியாசமும் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை: பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்றவர் ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் (பூசைக்குப் போவது கடமையான திருநாள்) தன் பங்கு மக்களுக்காகவே ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். துணைநிலையமாக, அதாவது பழைய தாய்ப்பங்கின் கிளையாக, இருந்தவரை அந்தத் திருப்பலி தாய்ப்பங்கின் பேரில் நடந்தது. ஆணை வந்த நாளிலிருந்து உங்கள் மக்களுக்கென்றே நடக்கிறது. மலரில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

நடைமுறையில் ஆயரின் ஆணை கடைசிப் படி. வீட்டு ஜெபமாலை, மாதம் ஒரு பூசை, தாய்ப்பங்கு உதவிக்குருவோ பூந்தமல்லி குருமடத்திலிருந்து வார இறுதியில் வரும் பிரதர்களோ நடத்தும் ஞாயிறு மறைக்கல்வி, யாரோ கொடுத்த மனையில் ஓலைக் கொட்டகை, அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிறகு அங்கேயே தங்கும் ஒரு குரு. எல்லா இடத்திலும் இதே வரிசை இருக்காது. பல இடங்களில் பள்ளிக்கூடம்தான் முதலில். வாரநாளில் வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சைத் திருப்பிப் போட்டால் கோயில். மனை கிடைத்தும் வருஷக்கணக்கில் கட்ட முடியாமல் போனதற்குப் பணம் மட்டும் காரணமாக இருக்காது. ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுத்தலம் கட்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இருந்தது. உங்கள் கோயில் கோப்பில் அந்த அனுமதிக்காக அலைந்த கடிதங்கள் இருந்தால் பத்திரமாக எடுத்துப் படியுங்கள். எந்த வருஷம் எத்தனை குடும்பம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள்.

இப்போது பதிவேடு. பங்கு வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. 16-ஆம் நூற்றாண்டில் திரெந்து சங்கம் வலியுறுத்தியதிலிருந்து பங்குகள் திருமுழுக்கையும் திருமணத்தையும் எழுதிவைக்கின்றன. இன்றைய சட்டம் இறப்புப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்கிறது. திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே வரிசையில் வரிசை எண், பிறந்த தேதி, திருமுழுக்குத் தேதி, பெயர், தாய் தகப்பன், குடியிருப்பு, ஞானத்தந்தை ஞானத்தாய், குருவின் கையெழுத்து. பல பழைய படிவங்களில் தகப்பனின் தொழிலுக்கும் ஒரு கட்டம் இருக்கும். கடைசியில் குறிப்புக்கென்று ஒரு குறுகலான கட்டம். அந்தத் தொழில் கட்டத்தை மட்டும் பத்து வருஷத்துக்குக் கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே வாருங்கள். கூலி, கூலி, தோல் கம்பெனி, ஃபிட்டர், டர்னர், டிரைவர், ஆசிரியை, எஞ்சினியர் என்று ஊர் மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

குறிப்புக் கட்டம் இன்னும் நல்லது. ஒருவர் வேறு எங்கே திருமணம் செய்தாலும் அந்தப் பங்கு திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இங்கே அவர் பெயருக்கு நேரே அதை எழுத வேண்டும். உறுதிபூசுதல், குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் அப்படித்தான். அதனால் 1980-களில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள் பின்னால் எங்கெங்கே போனார்கள் என்று அந்த ஓரத்திலேயே இருக்கும்: அண்ணாநகர், பெங்களூர், துபாய், டொரண்டோ. இங்கே வந்து சேர்ந்தவர்களின் கதை திருமணப் பதிவேட்டில் கிடைக்கும், ஏனென்றால் மணமக்களின் சொந்தப் பங்கின் பெயரை அதில் எழுதுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவேடுகளிலிருந்து தனி மனிதர்களின் பெயரையோ குடும்ப விவரத்தையோ மலரில் அச்சிடாதீர்கள். தொகுத்துச் சொல்லுங்கள், அது போதும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதிக்குரிய உரிமை கிடையாது. அதனால் அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ வேண்டிய நிலை எத்தனையோ குடும்பங்களுக்கு. அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும் எந்த வரியும் விழா மலரில் வரக்கூடாது.

இதைச் சொல்லும்போது, நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயத்துக்கு வந்துவிட்டேன். வேலை தேடி வந்தவர்கள் பங்கை வளர்த்தார்கள் என்றேன். ஆனால் செங்கல்பட்டு வட்டாரத்தில் அவர்கள் வந்து இறங்கிய பல இடங்களில் ஏற்கெனவே கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். தலைமுறைகளாக வேதத்தில் இருந்த தலித் குடும்பங்கள். வயலும் ஏரிக்கரையுமாக இருந்த ஊரில் ஒரு சின்னக் கோயில், பூசைக்குக் குரு எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார் ஜெபம் சொல்லித்தருவார், சாவு விழுந்தால் அவரே முன்னின்று அடக்கம் செய்வார். நகரம் வந்து அந்த வயல்களை மனையாக்கியபோது மாற்றல் வாங்கி வந்த வங்கிக்காரர்களும் ஆசிரியர்களும் ரயில்வேக்காரர்களும் பங்குப் பேரவையில் உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தீர்மானப் புத்தகத்தை எழுதினார்கள். அதில் பங்கின் வரலாறு அவர்கள் வந்த வருஷத்தில் தொடங்கிவிடுகிறது. தேர் நகர் தெருக்களில் எல்லாம் சுற்றிவிட்டு காலனித் தெருமுனையில் திரும்பும் பங்குகள் இருந்தன. சில இடங்களில் போராடித்தான் அந்தப் பாதை மாறியது.

உங்கள் பங்கு எல்லைக்குள் அப்படி ஒரு பழைய குடியிருப்பு இருந்தால், மலரின் முதல் அத்தியாயம் அவர்களுடையது. அங்கே உள்ள வயதான அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். உபதேசியார் பெயர் என்ன, முதன்முதல் பூசை எந்த மரத்தடியில் நடந்தது, எந்த ஏரிக்கரை வழியாக தாய்ப்பங்குக்கு நடந்து போனார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டில் இல்லாதது அவர்களிடம் இருக்கும். நினைவில் இருந்து சொல்லும் வருஷங்கள் முன்னே பின்னே இருக்கலாம்; வெள்ளம், தேர்தல், யாருடைய கல்யாணம் என்று ஏதாவது ஒன்றோடு பொருத்திப் பார்த்தால் பிடிபடும்.

இனி மேல் மட்டத்துச் சங்கதிகள், சுருக்கமாக. தாய்ப்பங்கு பழையது என்றால் 1952 என்ற வருஷத்தை மனதில் வையுங்கள். அதுவரை இந்த நகரத்தில் இரண்டு ஆயர்கள்: 1606-இல் உண்டான, போர்த்துக்கல் அரசின் பாதுகாவலில் இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டம் ஒன்று, ரோமின் நேரடி மேற்பார்வையில் வளர்ந்து 1886-இல் உயர்மறைமாவட்டமான சென்னை இன்னொன்று. 1952-இல் இரண்டும் இணைந்து சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் ஆனது, லூயிஸ் மத்தியாஸ் அதன் முதல் பேராயர். எனவே பழைய பதிவேட்டில் லத்தீன், போர்த்துக்கீசு, ஆங்கிலம் எது இருந்தாலும் திகைக்க வேண்டாம். அடுத்தது 2002: சென்னை–மயிலையிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிந்தது. தெற்குப் புறநகர்க் குடும்பங்கள் வீடு மாறாமலேயே வேறு ஆயரின் மக்களானார்கள். மூன்றாவது 2017: சென்னை உள்ளிட்ட பகுதிகளில் உள்ள, கேரளத்து மரபான சீரோ மலபார் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர்களுக்கென்று ஓசூர் மறைமாவட்டம் வந்தது. அதுவரை உங்கள் பாடகர் குழுவிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் முன்னால் நின்ற மலையாளிக் குடும்பங்களில் சில தங்கள் சொந்தப் பங்குக்குப் போயிருக்கும். இதைக் குறையாக எழுத வேண்டாம். அவர்கள் செய்த பணியை நன்றியோடு எழுதுங்கள்.

பங்கு வளர்ந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கும் பைக்குகளை எண்ணி அல்ல. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியங்கள் எத்தனை, முப்பது நாற்பது குடும்பம் கொண்ட ஓர் அன்பியத்தில் மாதக் கூட்டத்துக்கு எத்தனை வீடு வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1990-களில் அன்பியங்கள் பரவிய பிறகுதான் அபார்ட்மென்ட்காரர்களுக்கும் வரிசை வீட்டுக்காரர்களுக்கும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய் உட்காரும் வழக்கம் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகர்க் கோயில் மண்டபங்கள் பல தங்குமிடமாக மாறியபோது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்று அன்பியப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்தது பெரிய உதவி.

இன்னொரு அளவுகோல் கல்லறை. புதிய புறநகர்ப் பங்குகளில் பலவற்றுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. கீழ்ப்பாக்கம், காசிமேடு போன்ற பழைய கல்லறைகளில் இடம் நிரம்பி, குடும்பக் குழியையே மறுபடி திறந்து அடக்கம் செய்கிறார்கள். குடும்பக் குழியும் இல்லாத, புதிதாக வந்த குடும்பத்தில் ஒரு சாவு என்றால் உடலைச் சொந்த ஊருக்கே எடுத்துப் போகிறார்கள். சாவுக்கும் இங்கேயே இருக்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்த நாளில்தான் அது இந்தப் பங்கின் குடும்பமாகிறது. கல்லறைக்கு இடம் தேடி உங்கள் பங்கு என்ன முயற்சி செய்தது என்பதையும் தயங்காமல் எழுதுங்கள்.

உங்கள் எல்லைக்குள் இப்போது ஏதாவது துணைநிலையம் வளர்ந்துகொண்டிருந்தால் அதையும் விடாதீர்கள். பிரிக்கப்போகிறார்கள் என்றதும் சந்தா குறையும், திருவிழாக் கூட்டம் குறையும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உங்கள் தாய்ப்பங்கும் ஒரு காலத்தில் அப்படி உங்களை விட்டுக்கொடுத்ததுதான். அந்த ஆண்டில் அவர்கள் கொடுத்த பாத்திரங்கள், பூசை உடுப்பு, பழைய பீடம் என்று ஏதாவது இன்னும் உங்கள் சக்கிறீஸ்தில், பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில், இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள்.

வேலையை இப்படித் தொடங்கலாம். உங்கள் பங்கு 2002-க்கு முன் உண்டாகியிருந்தால், அதை உண்டாக்கிய ஆணை சாந்தோம் பேராயர் இல்லத்து ஆவணங்களில் இருக்க வேண்டும். செங்கல்பட்டில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆணைக்கு முந்தைய திருமுழுக்குகள் தாய்ப்பங்கின் பதிவேட்டில்தான் இருக்கும். அங்கே உள்ள பங்குத்தந்தையிடம் உங்கள் பங்குத்தந்தையின் கடிதத்தோடு போங்கள். பதிவேட்டை வெளியே எடுத்துப்போகக் கேட்காதீர்கள், ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தவும் வேண்டாம், தையல் விட்டுப்போகும். ஜன்னல் பக்கம் மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஃபோனில் படம் எடுத்தால் போதும். வயதானவர்களைப் பார்க்கும் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பதிவேடு அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும், அதனால் முதலில் அவர்களிடம் போங்கள்.